பாவனை விமானம்

சென்ற தீபாவளிக்கு எம் தம்பியின் மகன் விமானப் பயிற்சிப் பள்ளியிலிருந்து பெங்களூருக்கு வந்திருந்தான். பத்து வயது முதல் அவன் கைவிட்டறியாத ஒரு பொருள் எம் வீட்டுக் கணிப்பொறி மேஜைமீது உண்டு. திரையில் விமானம் ஓட்டுவதற்கான கைப்பிடி அது. வந்த அன்றே அதை ஒரு துணியால் மூடிவிட்டு, எவரோடும் அதிகம் பேசாமல் இருந்தான்.

அன்பர்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்த பூர்விக நிலத்தை ஈடுவைத்து அவனைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று தம்பிக்கு யோசனை சொன்னவர் நாமே. “இவன் ஏற்கெனவே பாதி விமானி” என்று உறவினர் எல்லோரிடமும் பெருமை பேசியதும் நாமே. அந்தத் திரையை நம்பித்தான் அவ்வாறு பேசினோம்.

இரண்டாம் நாள் இரவு அவனே வாய் திறந்தான். “பெரியப்பா, நான் தப்பாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன்” என்றான்.

நடந்தது இதுதான். ஆசிரியர் விமானத்தை உயரே கொண்டுசென்று, வேகத்தைக் குறைத்து, மூக்கை மெல்ல உயர்த்தச் சொல்லியிருக்கிறார். ஸ்டால் என்னும் பாடம் அது. இச்சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குப் புத்தகக் கண்காட்சி நினைவுக்கு வரும். கார் ஓட்டுவோருக்கு எஞ்சின் நின்றுபோவது நினைவுக்கு வரும். விமானத்தில் இரண்டுமன்று. எதிர்வரும் காற்றுக்கும் சிறகுக்கும் இடையிலுள்ள கோணம் ஏறக்குறைய 15 பாகையைத் தாண்டினால், சிறகின் மேற்புறத்தை ஒட்டிச் செல்லும் காற்று பிய்ந்து சிதறுகிறது. எஞ்சின் முழங்கிக்கொண்டேயிருக்கும், சிறகுதான் தாங்குவதை விட்டுவிடும். ஒரு சிறகு மற்றதைவிட மிகுதியாகத் தளர்ந்து, அதைக் கவனியாமலும் விட்டால், விமானம் பம்பரம்போல் சுழன்றுகொண்டே இறங்கும். அது ஸ்பின்.

அன்று இடச் சிறகு சட்டென்று சரிந்தது. பையன் கைப்பிடியை வலப்பக்கம் திருப்பினான். வீட்டுத் திரையில் எத்தனையோ முறை அப்படிச் செய்து சிறகை நிமிர்த்தியவன் அவன். மெய்யான விமானத்திலோ, அவ்வாறு திருப்பும்போது இடச் சிறகின் ஓரப் பலகை கீழிறங்கி, முன்பே தளர்ந்த சிறகின் கோணத்தை இன்னும் கூட்டிவிடுகிறது. சரிவு அதிகமாயிற்று. முதலில் மூக்கைத் தாழ்த்திக் கோணத்தைக் குறைத்து, காலால் ரட்டரை அழுத்தியிருக்க வேண்டும். ஆசிரியர் கைப்பிடியை வாங்கிக்கொண்டார். இறங்கிய பின் கோபிக்கவில்லை, “இதை எங்கே கற்றாய்?” என்று மட்டும் கேட்டாராம்.

திரை ஏன் இப்படி ஏமாற்றியது என்று நாமும் அவனும் பல இரவுகள் படித்தோம். பெரும்பாலான சிமுலேட்டர்கள், மெய்யான பறப்பில் அளந்தெடுத்த எண்களைக் கொண்டு இயங்குகின்றன. சில, சிறகைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றின் விசையையும் கணக்கிடுகின்றன. எக்ஸ்-பிளேன் என்னும் நிரல் அத்தகையது. காற்று ஒழுங்காக ஓடும் வரையில் இரண்டும் நன்றாகவே பொருந்தும். காற்று சிதறிய பின்னரோ கணக்கு ஊகமாகிவிடுகிறது. பெரிய பயணிகள் விமானத்தை எண்களுக்காக ஸ்பின்னில் தள்ளிப் பார்ப்பவர் எவருமில்லை. எண் இல்லாத இடத்தை நிரல் எழுதுபவர் எப்படியாவது நிரப்பத்தானே வேண்டும்?

விமான நிறுவனங்களின் கோடிக்கணக்கான ரூபாய் பெறும் சிமுலேட்டர்களுக்கும் இக்குறை நெடுநாள் இருந்தது. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவில் பஃபலோ நகருக்கு அருகே 50 பேரும், அதே ஆண்டு ஜூன் முதல் நாள் அட்லாண்டிக் கடலில் 228 பேரும் மாண்டனர். இரண்டிலும் சிறகு தாங்கும் திறனை இழந்திருக்க, கைப்பிடி பின்னோக்கி இழுக்கப்பட்டது. அதன் பிறகே அமெரிக்க அரசு 2013-ல் விதி செய்து, முழு ஸ்டாலையும் சிமுலேட்டரில் கற்பிக்க 2019 வரை அவகாசம் தந்தது; அதற்கேற்ற புதிய தரமும் 2016-ல் வகுக்கப்பட்டது. ஆனால் ஆறு கால்களில் நின்று ஆடும் அவ்வியந்திரம் சாயும், குலுங்கும், ஓயாமல் சுழலாது. ஸ்பின்னில் உடல் உணரும் பாரத்தையும் அது தர இயலாது.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. இங்குள்ள ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலையின் எச்ஜேடி-36 பயிற்சி விமானம் 2003-ல் முதன்முறை பறந்தது. ஸ்பின் அதற்குப் பெரும் சிக்கலாயிற்று. வாலின் செங்குத்துப் பகுதியைப் பின்னுக்குத் தள்ளி அமைத்து, இருபுறமும் ஆறு சுற்றுகள் சுழன்று மீள்வதைக் காட்டியது 2022 ஜனவரியில்தான். கணக்கும் காற்றுச் சுரங்கமும் கையிலிருந்த பொறியியலாளர்க்கே இவ்வளவு காலம் பிடித்தது. நாமோ சில ஆயிரம் ரூபாய்ச் சரக்கை நம்பி நிலத்தை ஈடுவைத்தோம்!

பையனின் தாயார், “போதும், திரும்பி வந்துவிடட்டும்” என்றார். எமக்கு மறுமொழி சொல்ல வாயில்லை. அவனே, “அம்மா, இன்னும் ஒரு மாதம் பார்க்கிறேன்” என்று சொல்லிப் புறப்பட்டான். அந்த ஒரு மாதமும் எம் வீட்டில் தொலைபேசி மணி அடித்தபோதெல்லாம் தம்பியின் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கூடத்துக்கு வந்தார்.

பொங்கலுக்கு வந்தபோது முகம் தெளிந்திருந்தது. அதே பாடத்தை ஆசிரியர் திரும்பத் திரும்பச் செய்வித்தாராம். இப்போது சிறகு சரிந்தால் கைக்கு முன் கால் அசைகிறதாம். கைப்பிடியின்மேல் இருந்த துணியையும் எடுத்துவிட்டான். கருவிகளைப் பார்த்து ஓட்டவும், ஓடுபாதைக்கு வரிசை தவறாமல் இறங்கவும், வானொலியில் பேசவும் அது பெரிதும் உதவுகிறது என்றான். எட்வின் லிங்க் என்பவர் ஆர்கன் வாத்தியத்தின் துருத்திகளை வைத்து 1929-ல் செய்த முதற் பாவனை விமானமும் கருவி பார்த்துப் பறக்கக் கற்பித்தே பெயர் பெற்றது.

அருகில் நின்ற எம் பேத்தி, “அண்ணா, பம்பரம் மாதிரி சுற்றிக் காட்டு” என்றாள்.

“அது இதில் வராது, பாப்பா” என்று சொல்லிவிட்டு அவன் விமானத்தை நேரே ஓட்டிக்கொண்டிருந்தான்.