அம்பாசிடருக்கு இசுஸு இன்ஜின்: ஒரு நோட்டுப் புத்தகக் கணக்கு

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பு வீடு. தேங்காய் போடும் கொட்டகையின் ஓரத்தில் தார்ப்பாய் போர்த்திய அம்பாசிடர் ஒன்று நிற்கிறது. 1972 மாடல், மார்க் 2. அந்த வீட்டு அப்பாரு புதிதாக வாங்கிய வண்டி. இன்றைக்கு அவருக்கு 81 வயது. வண்டிக்கு 50 தாண்டிவிட்டது.

வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆனால் பின்னால் நீலப் புகை கொட்டகையையே மறைக்கும். சூடான பிறகு ஆயில் பிரஷர் முள் படுத்துவிடும். "காயலாங்கடைக்குப் போட்டா இரும்பு விலையாவது வரும்" என்பது பேரனின் அப்பாவுடைய கட்சி. அப்பாரு எதிர்த்துப் பேசவில்லை. "ஒருக்கா பழனி போயிட்டு வந்துட்டா அப்புறம் என்னமோ பண்ணிக்கங்க" என்று மட்டும் சொன்னார். அதுவும் ஒரே ஒரு முறைதான்.

பேரன் கோவையில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. அவனுக்கு வேறு ஆசை. பழைய இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு இசுஸு 1.8 வைக்க வேண்டும். பெங்களூரில் இருக்கும் மாமனும் அதே கட்சி. "பாதிப் பணம் நான் தர்றேன் மாப்ளே, ஆனா ஏசி கட்டாயம்" என்று போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். மீதிப் பாதி எங்கிருந்து வரும்? அப்பாரு வைத்திருக்கும் தேங்காய்ப் பணத்தில் இருந்துதான். வயசான காலத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று யாரும் தொடாமல் வைத்திருக்கும் பணம் அது. எனவே பையன் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தான்.

கணக்குக்கு முன்னால் அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்ட் சீரீஸ் 3 காரை வாங்கி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் செய்ததுதான் அம்பாசிடர். 1950களின் கடைசியில் ஆரம்பித்து 2014 மே மாதம்தான் உற்பத்தி நின்றது. மார்க் 2வில் இருப்பது பி.எம்.சி.யின் பி சீரீஸ் இன்ஜின், 1489 சி.சி. சுமார் 50 குதிரைத்திறன். (இதே 1489 சி.சி. இன்ஜின் எம்.ஜி.ஏ. என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது என்று சொன்னால் டாக்ஸி ஸ்டாண்டில் யாரும் நம்ப மாட்டார்கள்!) 1990களில் கம்பெனியே இதே உடம்புக்குள் ஜப்பானிய இசுஸுவின் 1817 சி.சி. பெட்ரோல் இன்ஜினை வைத்து, 5 கியர் பாக்ஸோடு விற்றது. சுமார் 75 குதிரைத்திறன்.

மாமனின் வாதமே அதுதான். "கம்பெனிக்காரனே பண்ணினது, நாம பண்ணினா என்ன?"

நியாயமான கேள்விதான். பழைய காரில் புது இன்ஜின் வைக்க நினைப்பவர்களில் பாதிப்பேருக்கு இந்த வசதிகூடக் கிடைக்காது. இன்றைய சின்னக் கார்களின் இன்ஜின்கள் குறுக்காக உட்கார்ந்து முன் சக்கரத்தைச் சுற்றுபவை. அம்பாசிடரோ பின் சக்கரத்தில் ஓடும் வண்டி. அப்படி ஒன்றை நேர்வாக்கில் திருப்பி வைக்க வேறு கியர் பாக்ஸ் தேட வேண்டும். அதோடு கம்ப்யூட்டர், சென்சார், டேங்குக்குள் பம்ப், முழு ஒயரிங் என்று பின்னாலேயே ஒரு ஊர்வலம் வரும். இசுஸுவில் அந்தத் தலைவலி குறைவு. பானெட்டுக்குள் இடத்துக்கும் பஞ்சமில்லை.

ஆனாலும் நோட்டில் எழுத எழுத வரிகள் நீண்டுகொண்டே போயின. உடைத்த வண்டி ஒன்றின் இசுஸு இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்த்து 80,000 ரூபாய் என்று ஒரு இடத்தில் விலை சொன்னார்கள். "அவ்வளவுதானா!" என்று பையன் துள்ளினான். பட்டறை அண்ணன் மீதியைச் சொல்ல ஆரம்பித்தார். மவுண்ட்டிங் வெட்டி வெல்டு வைக்க வேண்டும். கியர் பாக்ஸின் நீளம் வேறு என்பதால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டை அளவுக்குச் செய்து பேலன்ஸ் பார்க்க வேண்டும். ரேடியேட்டர், சைலன்சர் குழாய், கிளட்ச் இணைப்பு எல்லாமே புதுசு. ஏசி வேண்டும் என்றால் பழைய டைனமோ தாங்காது, ஆல்டர்னேட்டர் வேண்டும், ஒயரிங்கையும் மாற்ற வேண்டும். மார்க் 2வில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். 50 குதிரையை நிறுத்த வைத்த பிரேக்கை 75 குதிரைக்கு நம்பக்கூடாது, முன்னால் டிஸ்க் போட வேண்டும். எல்லாம் கூட்டினால் 2,40,000 வந்தது. இன்ஜின் என்று நினைத்துப் போனது அதில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே.

பழைய இன்ஜினை ரீபோர் செய்து, கிராங்க் தேய்த்து, பிஸ்டன், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டால் 70,000 என்றார் அவரே.

பையன் சளைக்கவில்லை. மைலேஜில் மிச்சம் பிடிக்கலாமே என்று அடுத்த பக்கம் திருப்பினான். வருஷத்துக்கு 2,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையது லிட்டருக்கு 9, புதியது 11. முதலாவது 222 லிட்டர் குடிக்கும், இரண்டாவது 182. மிச்சம் 40 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றால் 4,000 ரூபாய். அதிகச் செலவு 1,70,000. வகுத்துப் பார்த்தால் நாற்பத்திரண்டரை வருஷம். அப்பாருக்கு 123 வயது ஆகும்போது முதல் திரும்பும் :-)

தவிர, இந்த "நவீன" இன்ஜின் எவ்வளவு நவீனம்? உற்பத்தி நின்றதே 2014ல். இன்றைக்குக் கிடைக்கும் இசுஸு எதுவாக இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் பழசு, பலதும் இருபது முப்பது. 2025ல் நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. பழைய ரப்பர் குழாய்களுக்கும் கார்புரேட்டர் வாஷர்களுக்கும் அது ஆகாது. அதில் பி.எம்.சி., இசுஸு என்ற பாகுபாடு இல்லை. இரண்டுக்குமே குழாய் மாற்றித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது பேப்பர். பலர் கணக்கில் சேர்க்காமல் விடும் இடம் இது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. இன்ஜின் மாற்ற வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும். தேய்ந்த இன்ஜினுக்குப் பதில் அதே வகை இன்ஜின் என்றால் பேசிப் பார்க்கலாம். சி.சி.யே வேறு என்றால் பேச்சே வேறு. கம்பெனி செய்தபோது அந்த வண்டி பிறந்ததே 1.8 என்ற பெயரில்தான். பட்டறையில் செய்யும்போது ஆர்.சி. புத்தகம் 1489 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். உடைத்த வண்டியின் இன்ஜினுக்கு பில் இல்லையென்றால் திருட்டு இன்ஜினா என்ற சந்தேகம் வேறு. நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இன்ஜின் நம்பரைத்தான். மாமனிடம் இதைச் சொன்னபோது "யாரு மாப்ளே பானெட்டத் தூக்கிப் பாக்கப் போறாங்க" என்றார். பார்க்காத வரைக்கும் சரி.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கு விதி கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேல் ஆகி, சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாமல் அசலாக இருந்தால் தனி வரிசையில் நம்பர் கிடைக்கும். 10 வருஷத்துக்கு 20,000 ரூபாய். இந்த வண்டிக்கு வயசுத் தகுதி வந்துவிட்டது. இசுஸு ஏறினால் அந்தக் கதவு மூடிவிடும். "அப்படின்னா விண்டேஜ் நம்பர் வாங்கிரலாம்" என்று பையன் குதித்தான். முழுவதும் படித்த பிறகு அடங்கிவிட்டான். விண்டேஜ் பதிவு வாங்கிய வண்டியை கண்காட்சி, பேரணி, ரிப்பேர், பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். பழனி மலை அந்தப் பட்டியலில் இல்லை!

ஆக, சாதாரணப் பதிவையே புதுப்பித்து ஓட்ட வேண்டியதுதான். அந்தக் கட்டணமும் சும்மா இல்லை. 2022 ஏப்ரலில் 600ல் இருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆனது. எந்த இன்ஜின் இருந்தாலும் இது உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் பையனின் மனசு இசுஸு பக்கமே இருந்தது. அதை அசைத்தது ஒரு சின்ன விஷயம். மார்க் 2வில் கியர் ஸ்டியரிங் தண்டில் இருக்கிறது. முன் சீட் ஒரே நீள பெஞ்ச், மூன்று பேர் உட்காரலாம். இசுஸு கியர் பாக்ஸ் வந்தால் தரையை வெட்டிக் கியர் கம்பி மேலே வரும். நடுவில் யாரும் கால் நீட்ட முடியாது. சின்ன வயசில் அப்பாருக்கும் அம்மாயிக்கும் நடுவே அவன் உட்கார்ந்து போன இடம் அது. அம்மாயி இப்போது இல்லை. இந்த வரியை நோட்டில் எழுதிவிட்டு, எதிரே ரூபாய் என்ன போடுவது என்று தெரியாமல் காலியாக விட்டிருந்தான்.

சரி, ரீபோர்தான் என்று முடிவெடுத்து ஹெட்டைக் கழற்றினார்கள். அங்கே ஒரு அடி விழுந்தது. பி சீரீஸின் அசல் போர் 73.025 மில்லிமீட்டர். தேயாத மேல் விளிம்பில் அளவு வைத்தால் 74.04 காட்டியது. அதாவது ஏற்கெனவே 40 தவ் வரை பெரிதாக்கியாகிவிட்டது, இனிமேல் அதற்கு மேல் பிஸ்டன் கிடையாது. திண்ணையில் இருந்த அப்பாரு "ஆமா கண்ணு, ரெண்டு தடவ போர் பண்ணினேன். உங்கொப்பன் கல்யாணத்துக்கு முன்னால ஒருக்கா" என்று சாவகாசமாகச் சொன்னார். முன்பே சொல்லியிருக்கலாம் என்றுதான் தோன்றும். ஆனால் யாரும் அவரிடம் கேட்கவில்லையே!

மாமனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இரண்டு நாள் இசுஸு மறுபடி உயிரோடு இருந்தது. பட்டறை அண்ணன்தான் வழி சொன்னார். சிலிண்டருக்குள் லைனர் இறக்கினால் அளவு பழையபடி 73க்கே வந்துவிடும். ஹெட்டைக் கழற்றியது கழற்றியாகிவிட்டது, வால்வுக்குக் கெட்டியான சீட்டும் போட்டுவிடலாம் என்றார். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து ஹெட் அது. 2000 பிப்ரவரியோடு இந்தியாவில் அந்தப் பெட்ரோல் நின்றுபோனது. ஈயம் இல்லாமல் ஓடும்போது பழைய வால்வு சீட் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமுங்கும். இரண்டுக்கும் சேர்த்து 15,000. ஆகமொத்தம் 85,000.

மாமன் தருவதாகச் சொன்ன பாதி இசுஸுவுக்குத்தானாம், ரீபோருக்கு இல்லையாம். முழுப் பணமும் அப்பாருவின் தேங்காய்ப் பணத்தில் இருந்தே போயிற்று. பேரனின் அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பிளாக் இப்போது கோவையில் லேத்துப் பட்டறையில் இருக்கிறது. கிராங்க் தேய்த்து வந்துவிட்டது, எண்ணெய்த் துணி சுற்றிக் கொட்டகையில் கிடக்கிறது.

பட்டறை அண்ணன் ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறார். இன்ஜின் ஏறிய பிறகு முதல் 800 கிலோமீட்டருக்கு 50க்கு மேல் மிதிக்கக்கூடாது. பையன் கொஞ்சம் தயங்கித்தான் அப்பாருவிடம் அதைச் சொன்னான்.

"அம்பதுக்கு மேல நான் எப்பக் கண்ணு மிதிச்சேன்?" என்றார் அவர். பொள்ளாச்சியில் இருந்து உடுமலை வழியாகப் பழனிக்கு சுமார் 65 கிலோமீட்டர்தான்.