‘லைக்’ வந்தால் சிமிலியா?

ஆங்கிலப் பாடம் எடுக்கத் தொடங்கிய நாட்களில் ஒரு சூத்திரம் வைத்திருந்தேன். ‘லைக்’, ‘ஆஸ்’ வந்தால் சிமிலி, வராவிட்டால் மெட்டஃபர். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று, எனக்கும்தான். ஒருமுறை விடைத்தாள் திருத்தும்போது, ‘ஷி லுக்ஸ் லைக் ஹெர் மதர்’ என்ற வரிக்கு நேரே ஒரு மாணவி ‘சிமிலி’ என்று எழுதியிருந்தாள். தவறென்று சுழிக்கப்போன கை நின்றுவிட்டது. அவள் என் சூத்திரத்தை அப்படியே பின்பற்றியிருந்தாள்.

மகள் தாயின் சாயலில் இருக்கிறாள் என்பது வெறும் செய்தி. இருவரும் ஓரினம், அணிக்கு அங்கே வேலையில்லை. ‘ஹிஸ் வாய்ஸ் இஸ் லைக் தண்டர்’ என்றால் மனிதக் குரலும் இடியும் வேறு வேறு இனம். அங்கேதான் சிமிலி பிறக்கிறது. அன்றிலிருந்து சொல்லைத் தேடச் சொல்வதை விட்டுவிட்டு, “எதில் ஒப்பு?” என்று கேட்கிறேன். தொல்காப்பியர் உவமைக்கு வகுத்த வினை, பயன், மெய், உரு என்ற நான்கும் ஆங்கில வகுப்பிலும் கைகொடுக்கின்றன.

மெட்டஃபருக்கும் வீட்டிலேயே சாவி உண்டு. மதிமுகம் உவமை, திருப்பிப் போட்டு முகமதி என்றால் உருவகம். முதலாவதில் முகம் மதியைப் போன்றது. அடுத்ததில் முகமே மதி. இந்த வேறுபாடு பிடிபட்ட பிள்ளைக்கு ‘டைம் இஸ் எ தீஃப்’ மெட்டஃபர் என்பதில் குழப்பமில்லை. குழப்பம் ‘டைம் ஸ்டோல் மை யூத்’ என்னும்போது வரும். திருடன் என்ற பெயரே அங்கே இல்லை. காலம் ஆள்போல நின்று திருடுகிறது. அது பர்சானிஃபிகேஷன். உருவகத்தின் பிள்ளைதான் என்றாலும், வினைச்சொல்லைப் பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

மெட்டானமி, சினெக்டக்கி என்றதும் வகுப்பு மிரளும். “பந்தியில தலைக்கு ரெண்டு வடை வைங்கன்னு சொல்றோமே, தலையா வடை தின்னுது?” என்று கேட்பேன். சிரிப்பு அடங்குவதற்குள் ஒருவர், “சினையாகுபெயர்” என்பார். கப்பலில் ‘ஆல் ஹேண்ட்ஸ்’ என்று மாலுமிகளை அழைப்பதும் அதேதான். கை அவர்கள் உறுப்பு. அது சினெக்டக்கி. அரசரை ‘தி கிரவுன்’ என்பது மெட்டானமி. மகுடம் அவர் சூடிக்கொண்டது, உறுப்பல்ல. நம் இலக்கணம் ஆகுபெயர் என்று ஒரே கூரையின் கீழ் வைத்ததை ஆங்கிலம் பாகம் பிரித்திருக்கிறது.

தமிழறிவு காலை வாருகிற இடமும் உண்டு. மோனை பழகியவர்கள் அலிட்டரேஷனில் முதலெழுத்தைத் தேடுவார்கள். ஆங்கிலத்தில் எழுத்து ஒரு வழி, ஒலி ஒரு வழி. ‘கேட்’ (பூனை), ‘சிட்டி’ இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதினால் முதலெழுத்து ஒன்றே. ஆனால் அலிட்டரேஷன் இல்லை. ‘நைஃப்’, ‘நைட்’ (இரவு) இரண்டுக்கும் முதலெழுத்து வேறு, ஆனால் உண்டு. சந்தேகம் வந்தால் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். ஒலி ஒற்றுமை காதுக்கே தெரிந்துவிடும்.

ஆக்ஸிமோரான் எனக்குச் செல்லம். கிரேக்கத்தில் கூர்மை, மழுக்கம் என்னும் இரு சொற்கள் சேர்ந்து பிறந்த பெயர். பெயரே தனக்கு எடுத்துக்காட்டு. ‘ஓபன் சீக்ரெட்’ போல அடுத்தடுத்த சொற்கள் மோதினால் ஆக்ஸிமோரான். ‘லெஸ் இஸ் மோர்’ போலக் கூற்றே முரணாகத் தோன்றி, யோசித்தால் பொருள் தந்தால் பாரடாக்ஸ்.

இப்போதும் பிள்ளைகள் சூத்திரம் கேட்கிறார்கள். தேர்வு பயம் அப்படி. பெயரைக் கடைசியில் எழுதலாம், முதலில் அந்த வரி என்ன வேலை செய்கிறது என்று உங்கள் சொல்லில் சொல்லுங்கள் என்கிறேன். அந்த மாணவிக்கு அன்று முழு மதிப்பெண் போட்டேன். சுழிக்க வேண்டியது கரும்பலகையில் இருந்தது. மறுநாள் அதை அழித்தேன்.