பெட்டிக்கு முன்னே ஒரு வளையம்

ஸ்ரீவராகம் கோயில் குளத்தை அடுத்த தெருவொன்றில் வாடகைக்குத் தங்கி முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் மாணவர் ஒருவர், கடந்த பங்குனி முழுவதும் ஒரு சிறு பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் கவலையிலேயே கழித்தார். அவருடைய ஆய்வுப்பொருள் காணிக்காரர் பேச்சுவழக்கு. தகவலாளி, கோட்டூர் மலைப்பகுதிக் குடியிருப்பில் வாழும் தொண்ணூறை நெருங்கிய முதியவர். இடவப்பாதி மழை இறங்கிவிட்டால் காட்டுப்பாதையில் வண்டி போகாது. மழை ஓயும்வரை அந்த முதியவரின் குரல் காத்திருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. வனத்துறை அனுமதிக் கடிதம் கையில் இருந்தது. வண்டிதான் சரியில்லை.

வண்டி 2018இல் பதிவானது. பிஎஸ்-4 காலத்து ஒற்றைச் சிலிண்டர், எரிபொருள் உட்செலுத்தும் அமைப்புடையது. இரண்டாம் கையாக வாங்கியது. முந்தைய உரிமையாளர் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டுச் சத்தம் மிகுந்த வேறொன்றைப் பொருத்தியிருந்தார். மேட்டில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஒரு கணம் திணறும். இறக்கத்தில் விட்டால் சைலன்சரில் படபடவென வெடிக்கும். கேட்டவர் எல்லாரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள்: ‘லீனாக ஓடுகிறது, பெட்டி வை.’ லீன் என்றால் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை. ரிச் என்றால் அதன் மறுதலை. கரமனையிலிருந்து மணக்காடு வரை எந்தப் பட்டறையிலும் இவ்விரு சொற்களுக்கு மலையாளமோ தமிழோ கிடையாது.

பெட்டி செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள இசியூ எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து தொடங்க வேண்டும். காற்றின் வெப்பம், த்ராட்டில் திறப்பு, எஞ்சினின் சுழற்சி ஆகியவற்றைச் சென்சார்கள் அதற்குத் தெரிவிக்கின்றன; இன்ஜெக்டர் எத்தனை மில்லிநொடி திறந்திருக்க வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் அந்த முடிவின் விளைவைத் திரும்பிச் சொல்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற புள்ளியைக் கலவை எந்தப் பக்கம் கடந்தாலும் சென்சாரின் மின்னழுத்தம் மாறும். நிதானமான ஓட்டத்தில் இசியூ இந்தச் செய்தியைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. முழு முறுக்கில் அது சென்சாரைக் கேட்பதில்லை. தன்னுள் எழுதிவைத்த அட்டவணையை நம்புகிறது.

சந்தையில் கிடைக்கும் பெட்டிகள் இந்த உரையாடலின் நடுவே அமரும் மொழிபெயர்ப்பாளர்கள், அதுவும் வேண்டுமென்றே திரித்துச் சொல்பவர்கள். எளியவகை, உள்ளே வரும் காற்று உண்மையில் இருப்பதைவிடக் குளிர்ந்தது என்று பொய் சொல்லும். குளிர்காற்று அடர்த்தியானது என்பதால் இசியூ பெட்ரோலைக் கூட்டும். ஆனால் ஆக்சிஜன் சென்சார் பேசிக்கொண்டிருக்கும் வேகங்களில் அந்தப் பொய் விரைவில் அம்பலமாகிவிடும். இரண்டாம் வகை அந்தச் சென்சாரின் வாயையே மாற்றுகிறது. மூன்றாம் வகை இன்ஜெக்டருக்குச் செல்லும் ஆணையை இடைமறித்து நீட்டவோ குறைக்கவோ செய்யும்; சில, தீப்பொறி விழும் கணத்தையும் மாற்றும். அமெரிக்க டைனோஜெட்டின் பவர் கமாண்டர் இவ்வகையில் பழையது. பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸின் பவர்ட்ரானிக் நம் நாட்டு வண்டிகளுக்கென்றே வந்தது. பெட்டியே இல்லாமல் இசியூவின் அட்டவணையைத் திருத்தி எழுதுவது நான்காம் வழி.

மாணவர் மூன்றாம் வகைக்கே சாய்ந்திருந்தார். விலை ஐந்திலக்கம். இளநிலை ஆய்வு நல்கை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்பது தாளில் உள்ள செய்தி. அது எந்த மாதத்தில் வங்கிக்கு வந்துசேரும் என்பது நல்கை பெறும் எவருக்கும் தெரிந்த கதை.

சட்டமும் குறுக்கே நின்றது. வண்டிகளின் வடிவமைப்பை மாற்றுவது பற்றிக் கேரளத்தில் எழுந்த வழக்கு ஒன்றில்தான், 2019 ஜனவரி 9 அன்று, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த மூல விவரங்களுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரள உயர்நீதிமன்றம் காட்டிய தளர்வு அத்துடன் நீங்கியது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று வகுத்தது. இருக்கைக்கு அடியில் ஒளிந்திருக்கும் பெட்டி சான்றிதழின் எந்த வரிக்கு மாறாகிறது என்று வாதிடலாம். ஆனால் புகை அளவுக்கு அந்த வாதம் செல்லாது. மும்முனை வினையூக்கி 14.7 என்ற புள்ளியை ஒட்டியே சரியாக வேலை செய்யும். கலவை ரிச்சாகும்போது கார்பன் மோனாக்சைடு கூடும், எரியாத பெட்ரோல் வினையூக்கியில் போய் எரிந்து அதைக் கெடுக்கும்.

முடிவைத் திருப்பியவர் நாகர்கோவிலிலிருந்து வந்து இங்கே பட்டறை போட்டிருக்கும் முதிய மெக்கானிக். பெட்டியைப் பொருத்தித் தர முடியுமா என்று மாணவர் கேட்டார்.

“பெட்டி கெடக்கட்டும் மக்கா, மொதல்ல பிளக்கக் கழத்திப் பாப்போம், கேட்டியா?”

“லீன்னா பிளக் வெளுத்துல்லா இருக்கும், அண்ணாச்சி?”

“பாத்துட்டுச் சொல்லு.”

பிளக் கரி படிந்து கறுத்திருந்தது. இன்றைய பெட்ரோலில் பிளக்கின் நிறத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வது சரியன்று. அண்ணாச்சியும் அதை நம்பி நிற்கவில்லை. குளிர்ந்திருந்த எஞ்சினை முடுக்கி, புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். நுரை குமிழியிட்டது. சைலன்சரை மாற்றியபோது பழைய கேஸ்கெட் வளையத்தையே மீண்டும் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கசிவுதான் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. புகை வெளியேறும் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டு ‘லீன்’ என்கிறது. இசியூ அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. மிகுந்த பெட்ரோல் மேட்டில் திணறலாகவும், புகுந்த காற்றோடு சேர்ந்து இறக்கத்தில் வெடிச்சத்தமாகவும் வெளிப்பட்டது. இதன்மேல் இன்னும் பெட்ரோலைக் கூட்டும் பெட்டியை வைத்திருந்தால், காட்டுப்பாதையின் நடுவில் வண்டி நின்றிருக்க வாய்ப்பு மிகுதி.

புது வளையத்தின் விலை இருநூறு ரூபாய்க்குள் அடங்கியது. கம்பெனி சைலன்சர் முந்தைய உரிமையாளரின் பரணில் தூசியேறிக் கிடந்தது. கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார். பூட்டியபின் திணறல் நின்றது, சத்தமும் அடங்கியது.

ஆனால் பெட்டியின் பக்கம் இருந்த ஒரு நியாயம் அப்படியே இருக்கிறது. இப்போது பங்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு வேண்டிய காற்று 9 பங்குதான். கலந்த பெட்ரோலுக்கு ஏறத்தாழ 13.5. சென்சாரைக் கேட்கும் வேகங்களில் இசியூ இதைச் சமாளித்துக்கொள்ளும். முழு முறுக்கில், 2018இன் அட்டவணையை நம்பி ஓடும்போது, கலவை சற்று லீனாகவே இருக்கும். மாணவர் இதை எழுப்பியபோது அண்ணாச்சி மறுக்கவில்லை. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் பிளக்கை மறுபடி கழற்றிப் பார்க்கலாம், அப்போதும் பெட்டி வேண்டுமென்றால் பேசுவோம் என்றார். சித்திரை இரண்டாம் வாரம் பதிவுக்கருவியோடு வண்டி கோட்டூருக்குப் புறப்பட்டது. ஓடோமீட்டர் எண்ணைச் சுண்ணக்கட்டியால் பட்டறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார் அண்ணாச்சி.