பெறுபேறும் ஆசிரியரும்

ஆசிரியரின் தகுதியை அவரிடம் கற்கும் மாணவரின் பரீட்சைப் புள்ளிகளைக் கொண்டு நிறுத்துப் பார்க்க வேண்டும் என்னும் குரல் எம்மிடையே வலுத்து வருகின்றது. பெறுபேறு காட்டாதவருக்கு எதற்குச் சம்பளம் என்று பெற்றோர் கேட்கின்றனர். கூட்டங்களிலே பாடவாரியாகச் சித்தி வீதங்கள் திரையில் ஓடுகின்றன. பட்டியலின் அடியில் நிற்கும் பாடத்துக்குரியவர் எழுந்து நின்று காரணம் சொல்கின்றார். இலங்கையில் ஆசிரியரின் சம்பள அளவு மாணவரின் புள்ளிகளோடு பிணைக்கப்படவில்லை என்பது உண்மையே. ஆயின், சட்டத்தில் இல்லாத ஒன்று வழக்கத்தில் வேர்விடுவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். வேர் நன்றாக ஊன்றிய பின்னர் சட்டம் வந்து நீர் ஊற்றுவது புதுமையன்று.

இந்த யோசனையைப் புதிய விஞ்ஞானம் என்று பேசுவோர் அதன் வயதை அறியார். 1862ஆம் ஆண்டிலே, ரொபேட் லோ என்பவர் இங்கிலாந்தின் கல்வி நிருவாகத்தைக் கவனித்த காலத்தில், பெறுபேற்றுக்கேற்பப் பணம் கொடுக்கும் முறை அங்கு கொண்டு வரப்பட்டது. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 12 சிலிங் வரை பாடசாலைக்குக் கிடைக்கலாம். அதில் 4 சிலிங் வரவுக்கு. எஞ்சிய 8 சிலிங் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது. பரிசோதகர் வந்து பரீட்சித்த நாளிலே ஆறு வயது கடந்த பிள்ளையொன்று கணக்கில் தவறினால், பாடசாலை 2 சிலிங் 8 பென்சை இழந்தது. ஏழைப் பிள்ளையின் தடுமாற்றத்துக்கு இவ்வளவு துல்லியமாக விலை குறித்த அரசு உலகில் வேறு இருந்திருக்குமோ என்பது ஐயமே. சரித்திரமும் பூமிசாத்திரமும் காசு தரவில்லையாதலால் வகுப்பறையிலிருந்து ஒதுங்கின. கவிஞரும் பாடசாலைப் பரிசோதகருமான மத்தியூ ஆர்னல்ட் தொடக்கத்திலேயே இம்முறையைக் கண்டித்து எழுதினார். பிள்ளைகள் குறித்த நூலை மனனம் பண்ணி ஒப்புவித்தனரேயன்றி வாசிக்கக் கற்றாரில்லை என்பது அவர் போன்றோரின் முறைப்பாடு. ஆயினும் அம்முறை முற்றாக ஒழிய 1890கள் வரை செல்ல வேண்டியிருந்தது. அதற்கிடையில் குடியேற்ற ஆட்சியோடு அது இங்கும் கப்பலேறி வந்தது. 1869இல் இலங்கையில் பொதுப்போதனைத் திணைக்களம் அமைந்ததை அடுத்து, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றின்படியே பணம் அளக்கப்பட்டது. ஆக, எமக்கு இன்று புதுச் சரக்காக விற்கப்படுவது எமது கொள்ளுப்பாட்டனார் காலத்துப் பழைய இருப்பு.

பழைய இருப்பைத் தூசி தட்டிப் புதுப் பெட்டியில் அடைத்தவர்கள் அமெரிக்கர். ரெனசி மாநிலத்தில், வேளாண்மைத் துறைப் புள்ளிவிபரவியலாளராக இருந்த வில்லியம் சாண்டர்ஸ், ஒரு மாணவன் சென்ற ஆண்டு எங்கே நின்றான், இவ்வாண்டு எங்கே நிற்கின்றான் என்ற வேறுபாட்டிலிருந்து ஆசிரியரின் பங்கைக் கணக்கிடும் முறையொன்றை வகுத்தார். 1992இல் அம்மாநிலம் அதனைச் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது. கூட்டிய பெறுமதி என்று இதனைச் சொல்லலாம். வெறும் சித்தி வீதத்தைவிட இது நியாயமானது என்பதை மறுப்பதற்கில்லை. பின்தங்கிய பிள்ளையை ஏற்றவரையும் முந்திய பிள்ளையைச் சும்மா வைத்திருந்தவரையும் பிரித்தறிய வேண்டும் என்ற எண்ணம் நல்லெண்ணமே. 2009இல் ஒபாமா அரசு 435 கோடி டொலரை வைத்து மாநிலங்களைப் போட்டிக்கு அழைத்தது. ஆசிரிய மதிப்பீட்டை மாணவரின் வளர்ச்சிப் புள்ளிகளோடு இணைப்போருக்கு அப்போட்டியில் முன்னுரிமை. பொருளாதார வீழ்ச்சியால் கை வெறுமையாகியிருந்த மாநிலங்கள் பல, காசைக் கண்டு சட்டத்தை மாற்றின.

விளைந்தது என்ன? எல்லாப் பாடத்துக்கும் பொதுப் பரீட்சை இல்லை. எல்லா வகுப்புக்கும் இல்லை. எனவே புளோரிடாவிலே, தாம் ஒருநாளும் கற்பியாத பிள்ளைகளின் புள்ளிகளைக் கொண்டு ஆசிரியர் மதிப்பிடப்பட்டனர். வழக்குத் தொடர்ந்தார்கள். 2014இல் தீர்ப்பளித்த சமஷ்டி நீதிபதி இது அநீதியானது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அரசியலமைப்புக்கு முரணானது அன்று என்று கூறி வழக்கைத் தள்ளினார். ஹியூஸ்டனில் ஆசிரியரின் புள்ளியைத் தனியார் நிறுவனமொன்று இரகசியச் சூத்திரத்தால் கணித்தது. அதனைச் சரிபார்க்க ஆசிரியருக்கு வழியில்லை என்பதை 2017இல் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அவ்வாண்டே அந்நகர நிருவாகம், சரிபார்க்க முடியாத புள்ளியைக் கொண்டு எவரையும் வேலைநீக்கம் செய்வதில்லை என்று இணங்கியது. மாணவர் புள்ளிகளிடையே காணும் வேறுபாட்டில் ஆசிரியருக்குரிய பங்கு 1 முதல் 14 வீதம் வரையே எனப் பெரும்பாலான ஆய்வுகள் காண்பதாக 2014இல் அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சங்கம் அறிக்கை விடுத்தது. எஞ்சியது ஆசிரியரின் பிடிக்கு அப்பாற்பட்டது: வீடு, வயிறு, தந்தையின் வேலை, ஊரின் நிலை.

எல்லாவற்றையும்விட அத்லாந்தாவின் கதையே எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அந்நகரத்துப் பாடசாலைகளின் புள்ளிகள் ஆண்டுதோறும் ஏறின. கறுப்பின ஏழைப் பிள்ளைகள் நிறைந்த பாடசாலைகளாதலால் நாடே வியந்தது. அவற்றின் தலைமை அதிகாரி 2009இல் அமெரிக்காவின் சிறந்த கல்வி அத்தியட்சராகப் பாராட்டப்பட்டார். 2011இல் மாநில விசாரணை முடிந்தபோது, 44 பாடசாலைகளில் 178 ஆசிரியரும் அதிபரும் விடைத்தாள்களைத் திருத்துவதில் அல்லது அதற்கு உடந்தையாயிருப்பதில் ஈடுபட்டமை வெளிவந்தது. பிழையான விடையை அழிறப்பரால் அழித்துச் சரியானதை நிரப்பியிருந்தனர். 2015இல் 11 பேர், கொள்ளைக் கூட்டங்களை ஒடுக்கவென இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ்க் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அவர்கள் செய்தது குற்றமே. நாம் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். வாசிக்கத் தெரியாத பிள்ளை வாசிக்கத் தெரிந்தவனாகத் தாளில் காட்டப்பட்டான். ஆகவே அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய மேலதிக உதவி கிடைக்கவில்லை. புள்ளி உயர்ந்தது, பிள்ளை கைவிடப்பட்டான்.

எம் அனுபவத்தில் ஒன்றைச் சொல்வோம். நாம் தமிழ் கற்பிக்கும் பாடசாலை கடலோரத்தது. பத்தாம் தரத்துக்கு வந்த ஒரு மாணவனுக்கு எழுத்துக் கூட்டவும் வரவில்லை. தவணைப் பரீட்சையில் அவன் எடுத்தது 9 புள்ளி. அவனோடு மாலையில் இருந்தோம். பாடநூலை மூடிவிட்டு மீன் ஏலத் துண்டு, பஸ் பலகை, மருந்துச் சீட்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தோம். ஈராண்டின் முடிவில் அவன் 27க்கு வந்தான். சாதாரண சித்திக்கு 35 வேண்டும். க.பொ.த. சாதாரண தரத்தில் அவன் பெயரெதிரே தமிழுக்கு ‘டபிள்யூ’ என்று வந்தது; எமது பாடத்தின் சித்தி வீதம் அவனால் இறங்கியது. அந்த ஆண்டில்தான் அவனுடைய தாய் நுண்கடன் நிறுவனமொன்றின் பத்திரத்தில் ஒப்பமிடவிருந்தார். அவன் அதை வாங்கி, தடவித் தடவி, வட்டி குறித்த வரியை உரக்க வாசித்தான். தாய் ஒப்பமிடவில்லை. எங்கள் ஊரில் அவ்வாறு ஒப்பமிட்டுக் கிழமைக்குக் கிழமை கடன்காரரின் மோட்டார் சைக்கிளுக்கு அஞ்சிக் கதவடைத்துக்கொள்ளும் பெண்கள் எத்தனையோ பேர். 9க்கும் 27க்கும் இடைப்பட்ட தூரத்தைக் கூட்டிய பெறுமதிக்காரர் ஒருவேளை கணக்கில் எடுப்பர். அந்த வரியை எடுக்கும் சூத்திரம் அவரிடமும் இல்லை.

வீதத்தைக் காக்க வேண்டுமானால் அவனைப் போன்றோரைக் கழித்துவிடுவதே எளிய வழி. தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றுமாறு மெலிந்த மாணவருக்குப் புத்தி சொல்லி அனுப்பிய பாடசாலையொன்றை நாம் அறிவோம். பரீட்சைக்கு முன்னரே பிள்ளையை வடிகட்டிவிட்டு, பின்னர் நூறு வீதம் என்று வாயிலில் பதாகை கட்டுவார்கள். தரப்படுத்தல் என்ற சொல்லின் கசப்பை 1970களிலேயே சுவைத்த சமூகம் எமது; பல்கலைக்கழக வாயிலில் நிகழ்ந்ததற்கு அன்று கொதித்தோம். பள்ளிக்கூடத்தின் உள்ளேயே எம் கையால் நடப்பதற்குக் கொதிக்க ஆளில்லை.

இங்கே ஒரு மறுதலிப்பை நேரே எதிர்கொள்ள வேண்டும். ஆசிரியரை எவரும் மதிப்பிடவே கூடாதா? வகுப்பில் நேரம் கடத்திவிட்டு மாலையில் அதே பிள்ளைகளிடம் காசு வாங்கி ரியூஷன் கொட்டகையில் உயிரைக் கொடுத்துப் படிப்பிப்பவர் எம்மிடையே இல்லையா? இருக்கின்றார்கள். அவர்களால் அழிவது பணக்காரன் பிள்ளை அன்று. நல்லாசிரியரிடம் கற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் கூடுதலாக உழைக்கின்றனர் என்று, 25 இலட்சம் அமெரிக்கப் பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் ராஜ் செட்டியும் அவர் தோழரும் காட்டியதையும் தட்டிக்கழிக்க முடியாது. ஆசிரியரால் பயனில்லை என்று வாதிடுவது எம் தொழிலை நாமே இழிவுபடுத்துவதாகும். எமது வாதம் வேறு. நல்லாசிரியர் உண்டு என்று ஆயிரக்கணக்கானோரின் கணக்கைக் கூட்டிச் சொல்லலாம். இவர்தான் அவர் என்று முப்பது பிள்ளைகளின் ஓராண்டுப் புள்ளியைக் கொண்டு விரல் நீட்ட முடியாது. 2015 டிசம்பரில் இயற்றிய சட்டத்தின் மூலம் அமெரிக்க மத்திய அரசே இந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது.

மதிப்பீடு வேண்டுமாயின் வகுப்பறைக்குள் வாருங்கள் என்போம். பாடத்தை அறிந்தவர் வந்து, ஒரு நாளல்ல, பல நாள் இருந்து பார்க்கட்டும். எமது பாடசாலையில் கடந்த ஆண்டு முதல் நால்வர் ஒருவர் வகுப்பில் ஒருவர் போய் உட்காருகின்றோம். எவரும் சுற்றுநிருபம் அனுப்பவில்லை. பட்டியலின் அடியில் எப்போதும் நிற்பது கணிதம். அதைக் கற்பிக்கும் ரீச்சரின் பத்தாம் தர வகுப்பில் பின்வாங்கில் இருந்து பார்த்தோம். முதற் பத்து நிமிடம் அவர் ஆறாம் தரப் பின்னங்களை எடுத்தார், ஒரு தேங்காயை நான்காக உடைத்து. பாடத்திட்டத்தில் பின்தங்கியதற்காக அவரிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். பின்னம் தெரியாத பிள்ளைக்குச் சமன்பாட்டை எப்படித் தொடங்குவது என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். பதில் இன்னும் வரவில்லை. தேங்காய்ப் பாதியை மூடி அலுமாரியில் வைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார்.