கடல் கடந்த உழைப்பின் கணக்கு

அந்நிய நாட்டிலிருந்து வந்து உழைப்போரால் ஒரு நாட்டுக்கு வரவு அதிகமா, செலவு அதிகமா என்ற விவாதம் இன்று உலகின் பல பாராளுமன்றங்களில் ஓயாமல் நடைபெறுகிறது. 2016ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதெனப் பிரித்தானிய மக்கள் வாக்களித்தபோது, அங்கே மேடைதோறும் முழங்கிய கேள்விகளுள் இதுவும் ஒன்று. பொருளியல் அறிஞருள் ஒரு சாரார் வரியையும் உற்பத்தியையும் காட்டி இலாபம் என்பர். மறு சாரார் பள்ளிக்கூடத்தையும் வைத்தியசாலையையும் காட்டி நட்டம் என்பர். ஓட்டமாவடியில் வாழும் நமக்கு இது தூரத்துச் சங்கதி அன்று. சவூதி, குவைத், கட்டார் என்னும் பெயர்கள் பொலன்னறுவை, மட்டக்களப்பு என்னும் பெயர்களைப் போலவே நம் வீடுகளுக்குள் புழங்குகின்றன. அங்கே எண்ணப்படும் தலைகளுள் நம் தாய்மாரின் தலைகளும் அடக்கம்.

எண்ணுகிறவர்கள் எப்படி எண்ணுகிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். 2017 ஜூலை முதல் சவூதி அரேபியா, வெளிநாட்டுத் தொழிலாளர் உடன் வைத்திருந்த குடும்பத்தாருள் ஆளொன்றுக்கு மாதம் 100 ரியால் அறவிடத் தொடங்கியது. ஆண்டுதோறும் ஏறி, 2020இல் அது 400 ரியாலாயிற்று. அதே 2020 ஜூனில் குவைத்தின் பிரதமர், மக்கள்தொகையில் ஏறக்குறைய 70 சதவீதமாக இருந்த அந்நியர் 30 சதவீதமாகக் குறையவேண்டும் என்று கூறினார். எண்ணெய் விலை சரிந்து கிடந்த காலம் அது. வீட்டுப் பணிப்பெண்ணுக்கோ குடும்பத்தை உடன் வைத்திருக்கும் பேறும் இல்லை. குவைத்தில் வீட்டுப் பணியாளருக்கென ஒரு சட்டம் 2015இல்தான் வந்தது. நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று எழுதப்பட்டதே பெரிய முன்னேற்றமாகப் பேசப்பட்டது என்றால், அதற்கு முன்னிருந்த நிலை யாதென்று சொல்லவும் வேண்டுமோ?

ஆயினும் அரபு நாட்டாரை மட்டும் குறை கூறி நாம் அமைதி அடைவோமாயின் அது நேர்மையாகாது. இதே பேரேட்டை நம் இலங்கையும் எழுதியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையேறி, காட்டு வழியே கால்நடையாக மலைநாடு சென்றவர்கள் முதலில் கோப்பியை வளர்த்தனர். கோப்பி அழிந்தபின் தேயிலையை வளர்த்தனர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையின்மை பெருகிற்று. அப்போதுதான் வந்தவர்கள் பாரமாகத் தோன்றலாயினர். 1923இல் கொழும்புத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தத்தை நடத்திய ஏ. ஈ. குணசிங்கவே, முப்பதுகளில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகக் குரல் எழுப்பினார். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியத் தொழிலாளர் வேலையிலிருந்து நீக்கப்படலாயினர். நேரு கொழும்புக்கு வந்து பேசியும் பயன் விளையவில்லை.

பின் வந்தவை யாவரும் அறிந்தவை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்து வாக்களித்தும் அது நிறைவேறியது. மறு ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பிறகு பார்க்கலாம் எனப் பங்கு பிரித்தது. பிரிக்கப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பார் இல்லை. அந்நாட்களில் நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கு மேல் அவர்கள் கொய்த கொழுந்திலிருந்தே வந்தது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். ஆகவே பிறரால் நாட்டுக்கு இலாபம் என்று காட்டிவிட்டால் அவர்களுக்கு நீதி கிடைத்துவிடும் என்று எண்ணுவது வீண். இலாபம் தந்தவர்களே நாடற்றவராயினர்.

வெளியார் வந்தால் உள்ளூர்த் தொழிலாளியின் கூலி இறங்கிவிடும் என்ற அச்சம் பொய் என்று நாம் தள்ளிவிடவில்லை. சங்கம் வைக்க முடியாத, வேலை மாற முடியாத, எதிர்த்துப் பேசினால் கப்பலேற்றப்படுகிற ஒருவன் பக்கத்தில் நின்றால், உரிமையுள்ளவனின் கூலியும் இறங்கத்தான் செய்யும். அதற்கு மருந்து அவனுக்கும் அதே உரிமையைத் தருவதே. குணசிங்கவின் இயக்கம் இதைக் காணத் தவறியது. அதனால் இலாபம் அடைந்தவர்கள் முதலாளிமாரே.

இனி நம் ஊரின் கணக்குக்கு வருவோம். பெண்பிள்ளைக்கு ஒரு வளவும் வீடும் கொடுத்து மணம் முடித்து வைப்பது வாவிக்கரை ஊர்களின் பழைய வழக்கம். வயல் விளைந்த காலத்தில் அது குடும்பத்தின் கைக்கு எட்டியது. 1990இன் பின் யுத்தம் பல குடும்பங்களை அவற்றின் காணிகளிலிருந்து பிரித்தது. வைக்கோலைக் கூடக் காகிதமாக்கவென்று 1950களில் எழுந்த வாழைச்சேனைக் காகித ஆலை, பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்டிருக்கவேண்டியது, ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. ஆனால் மகளுக்கு வயது ஏறுவது நிற்குமா? உம்மா கடல் கடந்தாள். பிள்ளைகளை உம்மும்மா பார்த்துக்கொண்டாள். உம்மும்மாவின் உழைப்புக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலும் இல்லை.

ஒன்பது ஆண்டுகள் இரு தவணையாக அங்கே உழைத்து வந்த ஒரு ராத்தாவிடம், போனதனால் இலாபமா நட்டமா என்று நாம் கேட்டோம். "வீடு இரிக்கி தம்பி. சின்ன மகள் என்னை உம்மா எண்டு கூப்பிட மூணு மாசம் எடுத்திச்சி. இத எந்தப் பக்கத்தில எழுதுவீங்க?" என்றார். நம்மிடம் விடை இல்லை. அறிஞர்களின் அட்டவணைகளிலும் அதற்கு ஓர் இடம் இல்லை. ஒரு பெண்ணைப் பெற்று, இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் கொடுத்து ஆளாக்கும் செலவு இந்நாட்டினுடையது. அவளது வலுவான ஆண்டுகள் வேறு நாட்டினுடையவை. முழங்கால் தேய்ந்து அவள் திரும்பியபின் வரும் செலவு மீண்டும் நம்முடையது. இப்படியிருக்க, அவளால் தமக்குப் பாரம் என்று பேச அவர்களுக்கு என்ன நியாயம் இருக்கிறது?

நம் அரசின் கணக்கும் இதைவிட மேலானதன்று. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005இல், பதினேழு வயதில், வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டோடு சவூதிக்கு அனுப்பப்பட்டாள். பராமரிப்பில் இருந்த சிசு இறந்ததற்காக 2013 ஜனவரி 9ஆம் நாள் அவளது தலை கொய்யப்பட்டது. அவ்வாண்டே அரசு குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்றைக் கொண்டுவந்து, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய்மார் வெளியேறத் தடை விதித்தது. சவூதி செல்லும் பணிப்பெண்ணின் வயது 25ஆவது ஆகவேண்டும் என்றது. தந்தையரைப் பற்றி அது எதுவும் கேட்கவில்லை. வெளிநாட்டில் உழைப்போர் வங்கி வழியே அனுப்பிய பணம் 2020இல் சுமார் 710 கோடி டொலர். 2022இல் அது சுமார் 380 கோடியாகச் சுருங்கிற்று. மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லாமல் நாடு தவித்த அந்த 2022இல் அமைச்சரவை அந்த வயதை 21 ஆகக் குறைத்தது. அதற்குள் அங்கே பணிப்பெண்ணின் பாதுகாப்பு பெருகிவிட்டதா? இல்லை, இங்கே திறைசேரி காலியாகியிருந்தது.

அங்கே அவளுக்கு வாக்கில்லை. 2024ஆம் ஆண்டின் ஜனாதிபதித் தேர்தலில், கடல் கடந்திருந்த தொழிலாளர் இருந்த இடத்திலிருந்தே வாக்களிக்க இங்கும் வழியிருக்கவில்லை. வாக்கில்லாதவரைப் பற்றி இலாபம் என்றும் நட்டம் என்றும் இரு பக்கத்து அரசியல்வாதிகளும் அச்சமின்றிப் பேசலாம். 1949இல் மலைநாட்டுத் தொழிலாளருக்கு நேர்ந்ததும் இதுவே.

ஆகவே நாம் கோருவது தெளிவானது. வீட்டு வேலையும் வேலையே என ஏற்று, மற்றத் தொழிலாளருக்குள்ள சட்டப் பாதுகாப்பை அவளுக்கும் தரும் நாட்டுக்கே நம் அரசு ஆள் அனுப்ப உடன்படவேண்டும். அனுப்பிய டொலரில் ஒரு பங்கு அவளது முதுமைக்கு ஓய்வூதியமாகத் திரும்பவேண்டும். அவள் இருக்குமிடத்தில் அவளுக்கு வாக்குச்சீட்டு கிடைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, போக விரும்பாதவள் போகாதிருக்க இவ்வாவிக்கரையிலேயே தொழில் வேண்டும். மலைநாட்டில் இன்றும் காணியுரிமைக்காகப் போராடும் தொழிலாளியின் கோரிக்கையோடு இக்கோரிக்கைகளைச் சேர்த்தே எழுப்புவோம். இரண்டும் ஒரே கணக்கிலிருந்து விடுபட்டவை.