தறிக்கு வெளியே ஒரு நூல்

ஒரு மாதம் புனைவு, மறுமாதம் அபுனைவு என்பது ஆரணியில் எங்கள் வாசகர் வட்டம் வகுத்துக்கொண்ட முறை. பட்டு நெசவு ஊராயிற்றே என்று, கைத்தறியாளரின் வறுமையைச் சொல்லும் தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) நாவலையும், சௌராஷ்டிர நெசவாளர் வாழ்வைப் பேசும் எம்.வி. வெங்கட்ராமின் ‘வேள்வித் தீ’யையும் பட்டியலின் தலையில் வைத்தோம்.

ஐம்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் அமர்ந்த மூத்த உறுப்பினர் மெல்லச் சொன்னார்: “சார், பகல் பூரா தறியிலதான் கெடக்கறேன். சாயங்காலமும் அங்கியே உக்கார வெக்கறீங்களே?”

வாயடைத்துப்போனோம். நெசவாளருக்கு நெசவாளர் கதை என்று அவரைக் கேளாமலே தீர்மானித்திருந்தோம்.

“படிக்க ஆசப்பட்டு அலஞ்சவங்க யாராவது எழுதியிருக்காங்களா?” என்று கேட்டார்.

உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நினைவுக்கு வந்தது. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் ஆசிரியர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்று, 1950இல் நூலானது. பாடத்திட்டத்து நூலாகவே அதைப் பழகிவிட்டதால், எங்களுக்கு அது தோன்றவேயில்லை.

பெரிய நூல், நான்கு மாதம் வாசித்தோம். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்கத் தவித்த இளைஞனைப் பற்றிப் பேசும்போதுதான், தாம் ஐந்தாம் வகுப்போடு தறிக்கு வந்த கதையை அவர் முதன்முறையாகச் சொன்னார்.

கூட்டம் முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: “அந்தத் தறி நாவலக் குடுங்க சார். சரியா எழுதியிருக்காரான்னு பாக்கறேன்.”