கட்டிக் கொடுத்தது

லைப்சிக்கில் குடிவந்த முதல் வாரம். சைக்கிளை நிறுத்த நிலவறைக்குப் போனபோது, சுவரோரமாக ஒரு கறுப்புப் பெட்டி. மேலே மண்டையோட்டுப் படம், கீழே தடித்த எழுத்தில் ‘கிஃப்ட்’. எலிக்கெல்லாம் பரிசு வைக்கிறார்களே என்று சிரித்துக்கொண்டே மேலே வந்து சொன்னேன். கூடத் தங்கியிருந்த ஸ்வீடன்காரி பதறிவிட்டாள். “தொட்டியா? ஜெர்மன்ல கிஃப்ட்னா விஷம்!” அப்புறம் அவளே சொன்னாள்: “எங்க மொழியில கேட்டா இன்னும் சிரிப்பே.”

ஸ்வீடிஷிலும் அதே நான்கு எழுத்துதான். உச்சரிப்பு மட்டும் ‘யிஃப்ட்’. அதற்கு ஒரு பொருள் விஷம், இன்னொரு பொருள் ‘திருமணமானவர்’. இதை வைத்து அங்கே சலிக்கச் சலிக்க ஜோக் அடிப்பார்களாம். டேனிஷ், நார்வேஜிய மொழிகளிலும் இதே கதைதான். டச்சுக்காரர்கள் கொஞ்சம் உஷார். ‘கிஃப்ட்’ நன்கொடை, ‘கிஃப்’ விஷம். நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் காவல்.

அன்றிரவு தூங்காமல் சொல்லகராதிகளைப் புரட்டினேன். எல்லாம் ‘கொடு’ என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பரிசு என்று பொருளில்லை. மணப்பெண்ணுக்காகக் கொடுக்கும் விலை. பன்மையில் சொன்னால் கல்யாணம். ஸ்வீடிஷின் ‘திருமணமானவர்’ என்பதும், பெண்ணைக் கொடுப்பது என்ற பொருளில் இருந்து வந்ததுதான்.

சரி, விஷம் எப்படி உள்ளே வந்தது? நாம் சொல்லும் ‘டோஸ்’, கிரேக்கத்தில் ‘கொடுப்பது’ என்று பொருள்படும் சொல். வைத்தியர் கொடுக்கும் மருந்தின் அளவுக்கு அது பெயரானது. அதைப் பார்த்து ஜெர்மனும் தன்னுடைய ‘கொடுப்பது’ என்ற சொல்லை அதே பொருளில் எடுத்துக்கொண்டது. பிறகு விஷத்தை விஷம் என்று சொல்லக் கூசியவர்களுக்கு அந்தச் சொல் வசதியாகிப்போனது. பழைய பொருள் இன்று ஜெர்மனில் மிச்சமிருப்பது ‘மிட்கிஃப்ட்’ என்ற சொல்லில். கூடவே கொடுத்து அனுப்புவது, அதாவது வரதட்சணை. விஷம் அஃறிணைப் பால். வரதட்சணை மட்டும் இன்னும் பெண்பால்.

பிரெஞ்சு சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1924-இல் இந்த இரட்டைப் பொருளைப் பற்றியே ஒரு சிறு கட்டுரை எழுதினார். வாங்கியவரைக் கொடை கட்டிப்போடும், அதில் ஆபத்தும் உண்டு என்பது அவர் கருத்து.

அதைப் படித்தபோது எனக்கு அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் ஊரில் பூச்சிக்கொல்லியை யாரும் விஷம் என்று சொல்வதில்லை. மருந்துதான். நான் அஞ்சாவது படிக்கும்போது ஒரு நாள் விடியற்காலையில் அப்பாவுக்குத் தகவல் வந்தது: “உங்க தங்கச்சி மருந்து குடிச்சிட்டாங்க.” யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. இருபது பவுன் போட்டுக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒத்துக்கொண்டதில் அஞ்சு பவுன் பாக்கி. அந்த அஞ்சு பவுனைத்தான் அந்த வீட்டில் தினமும் பேசியிருக்கிறார்கள்.

அத்தை பிழைத்துக்கொண்டாள். அப்புறம் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை.

கொடுத்தது, கட்டிக் கொடுத்தது, மருந்து. மூன்றையும் நாம் வேறு வேறு சொல்லாக வைத்திருப்பதால் அவை வேறு வேறு விஷயம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஸ்வீடன்காரியின் ஜோக்குக்கு அன்றைக்குச் சிரித்தது நினைவுக்கு வந்து என்னவோ போலிருந்தது.

அத்தை இன்றைக்கும் யாரிடமும் எதையும் சும்மா வாங்க மாட்டாள். தீபாவளிக்கு அப்பா புடவை எடுத்துக் கொடுத்தால், அடுத்த வாரமே எங்கள் வீட்டுக்கு ஒரு டின் எண்ணெய் வந்துவிடும். கௌரவம் பார்க்கிறாள் என்று அம்மா சொல்வாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டேன். “லீவுக்கு வர்றேன் அத்தை. என்ன வாங்கிட்டு வரட்டும்?”

“ஒண்ணும் வேண்டாம் கண்ணு. நீ வந்தாப் போதும்.”

வழக்கமாக நான் வற்புறுத்துவேன். இந்த முறை சரி என்றேன்.